பாம்பை அடிக்காத கை

அன்று என் கணவர் ஓரடி பின்னால் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? என் மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. இன்னும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது, ஒன்றும் செய்திருக்க மாட்டேன் என்று தோன்றும். மதியம் அரிசி களையும்போது, கட்டாயம் செய்திருப்பேன் என்று தோன்றும். இரண்டில் எது உண்மை என்று தெரியாமலேயே பிள்ளைக்குத் தலை சீவி, பின்னல் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சேலை மடிப்பைச் சரி செய்வதற்குள் ஊர் வந்துவிடும். "கூப்பிட்டா கேக்குற தூரம்" என்று கல்யாணத்துக்கு முன்னால் அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். கூப்பிட வேண்டிய நாள் வந்தபோதுதான் அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரிந்தது.

நான் பி.ஏ. வரை படித்தவள். பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசாத பெண் என்று பெயர் எடுத்தவள். அவர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வரும்போது தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். மாமனார் இல்லை. மாமியாரும் அவரும் நானும் மட்டும்தான். ஊருக்கு மேற்கே மாந்தோப்பு தொடங்கும் இடத்தில் கடைசி வரிசை வீடு. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ஓர் அக்கா, அவர்கள் வளர்த்த இரண்டு வெள்ளை நாய்கள், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆள் உயரச் சுவர்.

முதல் அடி கல்யாணமான இரண்டாவது மாதம் விழுந்தது. காரணம் எனக்கு நினைவில்லை. காது மட்டும் வெகுநேரம் இரைந்தது நினைவிருக்கிறது. பிறகு அவரே வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அதனால் அதை ஒரு தடவை நடந்துபோன விஷயமாகவே எடுத்துக்கொண்டேன். அடுத்த தடவையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நாள் தள்ளிப்போனபோது, இனி இது நின்றுவிடும் என்று உறுதியாக நம்பினேன். வயிற்றில் பிள்ளை இருக்கும் பெண்ணை யார் அடிப்பார்கள்?

செய்தி தெரிந்த அன்றே மாமியார் மகனைக் கூடத்தில் உட்காரவைத்து விதிமுறைகளைச் சொன்னார்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கோ. பிள்ள பொறக்குற வரைக்கும் மூஞ்சியில கத்தி படக்கூடாது. எழவு வீட்டுக்குப் போனா பாடையத் தொடக்கூடாது. எந்தச் சீவனையும் கொல்லக்கூடாது. முக்கியமா பாம்பு. பாம்படிச்சா பிள்ளைக்கு ஆவாது."

"கொசு?" என்று அவர் கேட்டார்.

"கொசுவ உம் பொண்டாட்டி அடிச்சிக்கிடுவா. நீ சும்மா இரு."

மூவரும் சிரித்தோம். அவர் அந்த விதிகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தாடி வளர்ந்தது. மில்லில் கூட வேலை பார்ப்பவர்கள் சாமியார் என்று கேலி செய்தும் மழிக்கவில்லை. அடுப்படிப் பொறியில் எலி விழுந்தபோது பொறியை உயிருள்ள எலியோடு தூக்கிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, தோப்புக்குள் போய்த் திறந்துவிட்டு வந்தார். கதவிடுக்கில் பல்லி நசுங்கிவிடக் கூடாது என்று கதவைப் பார்த்துப் பார்த்துச் சாத்துவார். எறும்பு வரிசையைத் தாண்டிக் கால் வைப்பார். அதையெல்லாம் பார்த்து என் மனம் இளகியது. இவ்வளவு பயந்து பார்த்துக்கொள்கிறாரே, இவர் நல்லவர்தான், என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தேன்.

அந்தக் கை என்னை மட்டும் விடவில்லை.

மசக்கை எனக்குக் கடுமையாக இருந்தது. பூண்டு வாசம் பட்டாலே குடல் புரண்டு வரும். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவருக்குப் பூண்டுக் குழம்பு ஊற்றும்போது அடக்க முடியாமல் அவர் இலைக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

"திங்கிற எடத்துலயாட்டி?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. என் தலைமுடி அவர் கையில் இருந்தது. நெற்றி நிலைக்கட்டையில் மோதியது. முதுகில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. குழம்புச் சட்டி உருண்டு தரையெல்லாம் சிவந்தது. நான் வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு சுவரோடு சுருண்டேன்.

மாமியார் சாமி மாடத்துக்கு முன்னால் திரி திரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்.

"ஏலே, வயித்துல பட்டுறாம!"

இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் எனக்கு அந்தக் குரல் கேட்கும். மாமியார் எனக்காகப் பேசியதாகவே அன்று நினைத்தேன். அப்படி நினைத்தது வேறு எதையும்விட இப்போது எனக்கு வலிக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் நாய்கள் குரைத்தன. பிறகு அக்காவின் குரல் வந்தது.

"ஏம்மா, செத்த கருவேப்பிலை இருந்தாக் குடேன்!"

அவர் கை நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்ச் சுவர்மேல் ஒரு கொத்துக் கருவேப்பிலையை நீட்டினேன். அக்கா வாங்கிக்கொண்டார். என் நெற்றியைப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால், அவர் வீட்டுக் கொல்லையில், எங்கள் செடியைப்போல நான்கு மடங்கு உயரத்தில் ஒரு கருவேப்பிலை மரம் நின்றிருந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் உயரும் ஒவ்வொரு முறையும் அக்காவுக்குக் கருவேப்பிலை தேவைப்பட்டது. எங்கள் செடி மொட்டையாகிக்கொண்டே வந்தது.

ஐந்தாம் மாதம் என்னுள் ஏதோ அணைந்துபோனது. இதற்குப் பெயர் இருக்கிறதா என்று அப்போது எனக்குத் தெரியாது. அழுகைகூட வரவில்லை. காலையில் விழித்ததும் கை கால் மண் மூட்டை மாதிரிக் கிடக்கும். தலை சீவத் தோன்றாது. சோறு வாயில் போட்டால் சுண்ணாம்பாக இருக்கும். பிள்ளை முதன்முதலாக அசைந்தபோது, ஊரில் எல்லோரும் சொல்லும் சந்தோஷம் எனக்கு வரவில்லை. "நீ ஏன் இங்கே வந்தாய்?" என்று மனதுக்குள் கேட்டேன். கேட்ட உடனே பயந்துபோய், மாமியாருக்குத் தெரியாமல் சாமி படத்துக்கு முன்னால் விழுந்தேன். கிணற்றடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே தனியாக நிற்க என்மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீர் மாமியார்தான் இறைத்தார். "படிச்ச பிள்ளைக்குக் கயிறு இழுக்க வலிக்குதாக்கும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு இறைத்தார்.

இவ்வளவுக்கும் நடுவே நான் வேலைகளைச் செய்துகொண்டுதான் இருந்தேன். அவர் சட்டையிலிருந்து பஞ்சைத் தட்டினேன். தூக்குச்சட்டியில் சோறு கட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரிந்திருக்காது. உள்ளே மட்டும் எதையாவது உடைக்க வேண்டும் போல விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. தேங்காய் துருவும்போது துருவலகின்மேல் என் விரல் பட்டு ரத்தம் வந்தால், ஒரு கணம் மூச்சு சீராகும். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால், இதைப் படிக்கும் சகோதரிகளே, நீங்கள் சொல்லப்போகும் யோசனை வேறு யாருக்கோ சொன்னதாகிவிடும்.

ஆறாம் மாதம், ஐப்பசி மழை. மலையிலிருந்து தண்ணீர் இறங்கித் தோப்பெல்லாம் நிறைந்துவிட்டது. அன்று காலையில் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கியதற்காக அவர் புறங்கையால் அடித்ததில் என் கீழுதடு கிழிந்திருந்தது. மதியம் மழை விட்டது. அடுப்படியின் மூலையில் பாத்திரம் கழுவும் அங்கணத்துக்கு நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் வெளியே போகிற தூம்பு வழியாகப் பாதி உடம்பு உள்ளே வந்திருந்தது, ஒரு பாம்பு.

தட்டுகள் விழுந்த சத்தத்தில் மாமியார் ஓடிவந்தார். தூங்கிக்கொண்டிருந்தவரும் எழுந்துவந்தார். கொல்லைக் கதவுக்குக் குறுக்கே போடுகிற மூங்கில் கம்பை அவர் எடுத்து ஓங்கினார்.

"ஏலே, வேணாம்ல! கம்பக் கீழ போடு! அவ மாசமா இருக்கா, மறந்துட்டியா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. என் கண்ணால் பார்த்தேன். தோளில் நரம்பு புடைத்திருந்தது. காலையில் என் உதட்டைக் கிழித்த அதே கை. மாமியார் ஒரு சத்தம் போட்டதும், நல்ல பிள்ளையாக, மெதுவாக இறங்கியது. அவர் கம்பைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, "போயிரு சாமி, போயிரு" என்று பாம்பைக் கெஞ்சினார்.

அப்படியானால் அந்தக் கையை நிறுத்த முடியும். அவராலேயே முடியும். இவ்வளவு காலமும் கோபம் வந்தால் அவருக்குக் கண்ணே தெரியாது, பாவம் என்றுதான் நான் எனக்கே சொல்லிவந்திருந்தேன்.

அடுத்து நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. கம்பு என் கையில் இருந்தது. முதல் அடி தரையில் விழுந்தது. இரண்டாவது அதன் நடு உடம்பில். பாம்பு சுருண்டு எழும்பியது. மாமியார் அலறினார். நான் அடித்தேன். தலை நசுங்கிய பிறகும் அடித்தேன். வால் துடிப்பது நின்ற பிறகும் அடித்தேன். அங்கணத்துச் சிமெண்டு பெயர்ந்து காலில் தெறித்தது. என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது என் குரல் என்று பக்கத்து வீட்டு நாய்கள் ஊளையிட்ட பிறகுதான் தெரிந்தது. சேலை முட்டிவரை ரத்தமும் சேறும். வயிற்றில் பிள்ளை உருண்டது.

பிறகு திரும்பினேன். கம்பு தோளுக்கு மேலே இருந்தது. எதிரில் அவர் நின்றிருந்தார்.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"கம்பக் கீழ போடு" என்றார். குரல் எழும்பவே இல்லை.

நான் உடனே போடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏம்மா! கருவேப்பிலை!" என்று அக்கா கத்தினார். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா இந்த முறை சுவரோடு நிற்காமல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். செத்ததைக் குனிந்து பார்த்தார்.

"சாரைதானேம்மா இது. இதுக்கா இம்புட்டுக் கூப்பாடு?"

"நல்ல பாம்பு! படம் எடுத்ததை நான் பாத்தேன்" என்றார் மாமியார்.

தலை கூழாகிக் கிடந்தது. யார் சொல்வது சரி என்று பார்த்துச் சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை. மாமியார் அதை வெள்ளைத் துணியில் சுற்றி, காசு வைத்து, பால் ஊற்றித் தோப்பு ஓரத்தில் புதைக்கச் செய்தார். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எம் மவன் கையச் சுத்தமா வச்சிருந்தான். நீ கெடுத்திட்டே. இனிமே பிள்ளைக்கு என்ன வந்தாலும் அது உந்தலையிலதான்."

அன்று முதல் அவர் என்னை அடிக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. சோற்றை வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகே வந்து உட்கார்ந்தார். இதற்குத்தானே ஏங்கினேன்? ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. மாமியார் சொன்னது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பட்டப் படிப்பு ஒரு பக்கம் இதெல்லாம் வெறும் பேச்சு என்றது. வயிறு இன்னொரு பக்கம், பிள்ளை நாக்குப் பிளந்து பிறக்கும், தோல் செதிலாக உரியும் என்றது. வயிறுதான் ஜெயித்தது. கண்ணை மூடினால், துடிக்கும் வால்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டி வந்தார். பஸ்ஸில் வளையல்கள் குலுங்கக் குலுங்க எனக்குத் தலை வெடித்தது. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பாம்பு விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அடி விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துவிடுமோ, தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாமல் போய்விடுமோ என்று நானே கணக்குப் போட்டு வாயை மூடிக்கொண்டேன். அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்.

"ஏட்டி, எந்திரிச்சுத் தலையையாவது சீவுடி. தாயார் சந்நிதிக்குச் செத்த போயிட்டு வருவோம்."

"நீ போயிட்டு வாம்மா."

"பிள்ளத்தாச்சி இப்படிக் கெடந்தா உள்ள இருக்கிற பிள்ளையும் இப்படித்தான்டி கெடக்கும்."

அதைக் கேட்டுச் சுவரில் மண்டையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

பரிசோதனைக்குப் போனபோது லேடி டாக்டரிடம் தைரியமாக ஆரம்பித்தேன். "டாக்டர், எனக்கு மனசு சரியில்ல. எதுவும் வேண்டாம் போல இருக்கு." அவர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் கம்மியா இருக்கும்மா. கீரை சாப்பிடு. மொதப் பிள்ளைக்கு எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், நல்லதையே நினை" என்றார். அடுத்த பெண் ஏற்கெனவே ஸ்டூலில் பாதி உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்துகொண்டேன். இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். எந்த வாக்கியம் என்றுதான் தெரியவில்லை.

மார்கழியில் ராஜபாளையத்து அக்கா கோயிலுக்கு வந்தவர் எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். கையில் ஒரு பை. அம்மா காபி கொடுத்தார். அக்கா பையைப் பிரித்து என் மடியில் கவிழ்த்தார். ஒரு கிளை நிறையக் கருவேப்பிலை.

"கடன் வாங்கினத எல்லாம் திருப்பிக் குடுக்கேன்" என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னதும்மா இது?" என்று கேட்டார்.

"ஒங்க மக சொல்லலியா?" அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காபியைக் கீழே வைத்தார். "பாம்பு, பாம்புன்னு எல்லாரும் அதையே பேசுதீங்க. அது கெடக்கட்டும். அந்தத் தம்பி இவள அடிக்கிற சத்தத்த நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் எத்தன நாளு கேட்டேன் தெரியுமா? எங்க நாயி சோறு திங்காது அன்னிக்கெல்லாம்."

அம்மா எழுந்து வந்து என் ரவிக்கையின் கழுத்தை இழுத்து முதுகைப் பார்த்தார். காயம் ஆறிப்போயிருந்தது. தழும்பு தெரியத்தான் செய்தது. அம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். "ஏன்டி சொல்லல? வாயில என்னத்த வச்சிருந்த?" என்று அழுதுகொண்டே இன்னொன்று வைத்தார். அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ ராமா, நீங்களுமா!" என்றார். மூன்று பேரும் அழுதோம். நான் அழுது எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் நானாகவே தலை சீவிக்கொண்டேன். ஒரு தட்டு ரசம் சாதம் முழுவதும் சாப்பிட்டேன். நோய் போய்விட்டது என்று சொல்லவில்லை. மறுநாளும் சுவரைப் பார்த்துத்தான் படுத்தேன். ஆனால் பக்கத்தில் அம்மா வந்து படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் என்னைப் பார்க்க வந்தார். நெஞ்சுவரை தாடி. கையில் பால்கோவா பெட்டி. இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வாங்கி இந்த ஊருக்கே கொண்டுவந்திருந்தார். வேறு நாளாக இருந்தால் தங்கச்சி சிரித்தே செத்திருப்பாள்.

அம்மா பெட்டியை வாங்கினார். திறந்தார். தெருவுக்கு இறங்கிப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தார். அப்போதும் "நீங்க" என்றுதான் பேசினார்.

"மாப்ள, எம் பிள்ளைய அடிச்ச கையால நீங்க எதுவும் குடுக்க வேண்டாம். தெருநாயிகூடத் திங்காது."

அவர் முகம் கறுத்தது. கை விரல்கள் மடங்கின. எனக்கு அந்த மடங்கல் தெரியும். என்னையறியாமல் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். அப்பா எழுந்து அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். அப்பா வாழ்நாளில் ஒரு சண்டைக்கும் போகாதவர்.

அவர் அடிக்கவில்லை. என்னைக் காட்டிச் சொன்னார்: "நான் அடிச்சதச் சொன்னாளே, கம்ப எடுத்து என்னைக் கொல்ல வந்தாளே, அதச் சொன்னாளா?"

அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்படியாட்டி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆம் என்றால் அவரும் நானும் ஒன்றாகிவிடுவோம். இல்லை என்றால் அது பொய்யாக இருக்கலாம்.

அம்மாவே பேசினார். "வந்திருந்தாலும் நான் அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். நீங்க போயிட்டு வாங்க. பிள்ள பொறந்தா ஆளனுப்புவோம்."

தை கடைசியில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நாக்கை இழுத்துப் பார்த்தேன். விரல்களை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தன. மாமியாரும் வந்து பார்த்து, அதன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார். சில நாள் கழித்துப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்தபோது, கணுக்காலிலிருந்து தோல் மெல்லிய தாளாக உரிந்து துண்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. வயிற்றிலும் உரிந்தது. நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. "உரியுது, உரியுது, நான் அடிச்ச பாம்பு மாதிரி உரியுது" என்று கத்தினேனாம். பிள்ளையைத் தூக்கவே பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேனாம்.

ஊசி போட வந்த நர்ஸ் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கழுத்தில் சிலுவை தொங்கியது. "ஏட்டி, இத்தன மாசம் தண்ணிக்குள்ள கெடந்த ஒடம்பு, காத்துப்பட்டா உரியாதா? அந்தா அந்தப் பிள்ளையப் பாரு, அதுக்கும் உரியுது. அவ அம்மாவும் பாம்படிச்சாளா?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டில் பெண் பயந்துபோய், "நான் கரப்பான்கூட அடிச்சதில்ல சிஸ்டர்" என்றாள். வார்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே முதன்முதலாகப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் ராஜபாளையத்துக்குத் திரும்பினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் வந்து, அப்பா முன்னால் தலை குனிந்து, இனிமேல் கை நீட்டமாட்டேன் என்றார். தாடியை எடுத்திருந்தார். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. நம்பினேனா, நம்ப ஆசைப்பட்டேனா என்று தெரியவில்லை. மாமியார் எரித்துவிடச் சொன்ன மூங்கில் கம்பை நான் எரிக்கவில்லை. கழுவிக் கொல்லைக் கதவருகே பழைய இடத்திலேயே சாய்த்தேன். இந்த நான்கு வருடத்தில் அவர் கை பலமுறை ஓங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் கண் ஒரு கணம் அந்த மூலைக்குப் போகும். கை இறங்கிவிடும். மகளைக் கொஞ்சுகிறார். மில்லுக்குப் போகும்போது டாட்டா காட்டாமல் போகமாட்டார்.

இப்போது எனக்கு நான்காம் மாதம். மறுபடியும் அவர் தாடி வளர்க்கத் தொடங்கிவிட்டார். மறுபடியும் பல்லி நசுங்காமல் கதவைச் சாத்துகிறார். மறுபடியும் காலையில் என் கை கால் மண் மூட்டையாகக் கிடக்கிறது, சோறு சுண்ணாம்பாக இருக்கிறது. போன வாரம் காபியில் சர்க்கரை இல்லை என்று டம்ளரை வீசினார். என் காதோரமாகப் போய் நிலைக்கட்டையில் பட்டது. நிலையில் பள்ளம் விழுந்திருக்கிறது. மகள் அழவில்லை. தன் வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தே கற்றிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் கருவேப்பிலை கேட்க ஆளில்லை. அக்கா வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

இதைப் படிக்கிற சகோதரிகளிடம் கேட்கிறேன். பிரசவத்துக்குப் போகும் மாதம்வரை காத்திராமல் இப்போதே, நான்காம் மாதத்திலேயே, மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டால் தவறா? மாதம் ஆகும் முன்னே போகிறாளே என்று ஊர் பேசும், தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மனம் இப்படி இருட்டாவதை டாக்டரிடம் எந்த வார்த்தையில் சொன்னால் அவர் என் கண் இமையை விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்? உங்களில் யாராவது சொல்லியிருக்கிறீர்களா, என்ன மருந்து கொடுத்தார்கள், வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகுமா? கடைசியாக ஒன்று. கொல்லைக் கதவருகே அந்தக் கம்பு இருக்கிறவரை அவர் கை இறங்கிவிடும் என்று எனக்குத் தைரியம். ஆனால் அது அங்கே இருக்கிறவரை என் கைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை எடுத்துத் தோப்புக்குள் எறிந்துவிடவா, இருக்கட்டுமா? எழுதுங்கள்.